தாவரச் சேர்மங்களும் கதிர்வீச்சு சிகிச்சையும்: ஒரு திறனாய்வு

புற்றுநோய்க்குத் தரப்படும் கதிர்வீச்சு சிகிச்சையின் பலனைத் தாவரங்களிலிருந்து கிடைக்கும் சேர்மங்கள் கூட்டக்கூடும் என்ற கருத்து பல ஆண்டுகளாக ஆய்விதழ்களில் பேசப்பட்டு வருகிறது. கட்டியின் செல்களைக் கதிருக்கு எளிதில் இரையாக்கும் பொருளை இக்கட்டுரையில் கதிருணர்வூட்டி என்று குறிப்பிடுகிறேன். மருத்துவர்கள் ரேடியோசென்சிடைசர் என்பார்கள். மஞ்சள், அமுக்கரா, கொடிவேலி, துளசி, திராட்சை என்று நீண்ட பட்டியல் ஒன்று தமிழ்க் கட்டுரைகளிலும் வாட்சப் செய்திகளிலும் வலம் வருகிறது. அந்தப் பட்டியலில் எது மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டது, எது எலியோடு நின்றது, எது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதே இத்திறனாய்வின் நோக்கம்.

இதை எழுதக் காரணம் ஒன்று உண்டு. செஞ்சியில் என்னுடன் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்கு நாக்கில் புற்றுநோய் வந்தது. வெளியூர் மருத்துவமனையில் ஏழு வாரம் 'கரண்ட் வைக்க' வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாவது வாரத்தில் அவர் இணையத்திலிருந்து அச்செடுத்த இரண்டு பக்கக் கட்டுரையை என்னிடம் நீட்டி, "நீங்க அறிவியல் வாத்தியார். இது சரியான்னு பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார். ஒரு மூலிகைப் பொடி கதிர்வீச்சின் பலனைக் கூட்டும், பக்கவிளைவையும் குறைக்கும் என்று அதில் எழுதியிருந்தது. ஆய்விதழ்களின் பெயர்கள் இருந்தன. எண்களும் இருந்தன. "சரியாத்தான் இருக்கற மாதிரி தெரியுது" என்றேன்.

அவர் பொடியைச் சாப்பிட்டார். மருத்துவரிடம் சொல்லவில்லை. நான்காவது வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாள் சிகிச்சைக்குப் போக முடியவில்லை. பொடிதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே நான் பதில் சொன்னேன் என்பது உண்மை. அந்தக் கேள்விகளைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

கதிர் செல்லுக்குள் என்ன செய்கிறது

நம் உடல் செல்லில் பெரும்பகுதி நீர். எக்ஸ் கதிரோ காமா கதிரோ அதன் வழியே பாயும்போது நீர் மூலக்கூறுகள் உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் உருவாகின்றன. இவை மிகக் குறைந்த நேரமே இருக்கும்; ஆனால் அருகிலுள்ள டி.என்.ஏ.வைத் தாக்கிவிடும். எக்ஸ் கதிரால் டி.என்.ஏ.வுக்கு ஏற்படும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர் வழியாக வருவதே. மீதி, கதிர் நேரடியாகத் தாக்குவதால் வருவது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் செல்லால் அதைச் சரிசெய்வது கடினம். அடுத்தடுத்த செல் பிரிவில் அது இறந்துபோகும்.

ஆக்சிஜன் இந்தச் சேதத்தை நிலைப்படுத்துகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல, ஆக்சிஜன் உள்ள செல்லுக்குத் தேவையானதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். பெரிய கட்டிகளின் நடுப்பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அங்குள்ள செல்கள் கதிருக்குத் தப்பிவிடுகின்றன. கதிருணர்வூட்டி தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

கதிரின் அளவை கிரே என்ற அலகால் அளக்கிறார்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு வழக்கமாக நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம் தருவார்கள். 35 முறை, மொத்தம் 70 கிரே. இப்படிப் பிரித்துத் தருவதற்குக் காரணம், ஒவ்வொரு முறைக்கும் இடையில் இயல்பான செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும் என்பதே. ஆனால் இடைவெளி நீண்டால் கட்டியும் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை நாள் ஒன்று நீண்டாலும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சராசரியாக ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் நண்பர் தவறவிட்ட மூன்று நாள் சிறிய விஷயமல்ல என்பது எனக்குப் பின்னரே புரிந்தது.

கதிருணர்வூட்டி மூன்று வழிகளில் வேலை செய்யலாம். சேதத்தைக் கூட்டலாம். செல் தன்னைச் சரிசெய்துகொள்வதைத் தடுக்கலாம். அல்லது, செல்லை அதன் வாழ்க்கைச் சுழற்சியில் கதிருக்கு மிக எளிதில் சாகும் கட்டத்தில், அதாவது பிரிவதற்குச் சற்று முன்னும் பிரியும்போதும், நிறுத்தி வைக்கலாம். எந்த வழியானாலும் ஒரு நிபந்தனை உண்டு. கட்டியை எவ்வளவு பலவீனப்படுத்துகிறதோ அதே அளவுக்கு அருகிலுள்ள நல்ல திசுவையும் பலவீனப்படுத்தினால் லாபமில்லை. கதிரின் அளவை ஏற்றியதற்கு அது சமம், அவ்வளவே. இந்த நிபந்தனையைப் பற்றி நான் படித்த தமிழ்க் கட்டுரைகளில் ஒரு வரிகூட இல்லை.

ஒரே சொல்லில் இரண்டு எதிர்வேலைகள்

'கதிர்வீச்சு சிகிச்சைக்கு உதவும் மூலிகை' என்ற தொடரில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. உதவி இரண்டு வகை. ஒன்று, கட்டி அதிகம் சாக உதவுவது. மற்றொன்று, உடல் குறைவாகப் பாதிக்கப்பட உதவுவது. இரண்டாவது வகையைக் கதிர்க்காப்புப் பொருள் எனலாம். முன்னது கதிரின் சேதத்தைக் கூட்டுகிறது; பின்னது குறைக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை.

டெல்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் இயங்கும் அணு மருத்துவ ஆய்வகமான இன்மாஸ், இமயமலையில் வளரும் போடோபில்லம் ஹெக்சாண்ட்ரம் என்ற செடியை ஆராய்ந்தது. உயிரைப் பறிக்கும் அளவு கதிர் பாய்ச்சப்படுவதற்கு முன் அதன் சாற்றைப் பெற்ற எலிகளில் பல பிழைத்தன. நோக்கம், அணு விபத்திலிருந்து மனிதரைக் காப்பது. அதே போடோபில்லம் இனத்துச் செடிகளிலிருந்து கிடைக்கும் போடோபில்லோடாக்சினை மாற்றியமைத்து உருவாக்கிய மருந்து எட்டோபோசைட். சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோயில் இந்த மருந்தை சிஸ்பிளாட்டினோடு சேர்த்து, கதிர்வீச்சு நடக்கும் நாட்களிலேயே தருகிறார்கள். சாறு ஒரு பக்கம் காக்கிறது. அதே இனத்துச் சேர்மத்திலிருந்து பிறந்த மருந்து மறுபக்கம் தாக்குகிறது. 'போடோபில்லம் கதிர்வீச்சுக்கு நல்லது' என்று ஒருவர் எழுதினால் அதற்கு என்ன பொருள்?

காப்பது ஏன் ஆபத்தாகலாம் என்பதற்கு கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு சான்று. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளும் மறு பிரிவினருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரைகளும் தந்தார்கள். 2005ஆம் ஆண்டு வெளியான முடிவில், சத்து மாத்திரை பெற்றவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் குறைந்திருந்தன. ஆனால் அவர்களிடம் கட்டி அதே இடத்தில் திரும்ப வரும் போக்கும் கூடுதலாகத் தெரிந்தது. பின்னர் 2008இல் வெளியான பகுப்பாய்வில், சிகிச்சையின்போது புகைபிடித்துக்கொண்டே இந்த மாத்திரைகளை உண்டவர்களிடம் இறப்பு அதிகம் என்று தெரிந்தது. வாய்ப்புண்ணைக் குறைத்த பொருள் கட்டிக்கும் கவசமாக இருந்திருக்கலாம் என்ற அச்சத்தை இது எழுப்பியது. சிகிச்சைக் காலத்தில் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம் என்று சொல்வதற்கு இத்தகைய முடிவுகளே அடிப்படை.

ஆகவே ஒரே பொடி பலனைக் கூட்டும், பக்கவிளைவையும் குறைக்கும் என்று யாராவது எழுதினால், அது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. கட்டியில் ஒருவிதமாகவும் நல்ல திசுவில் வேறுவிதமாகவும் ஒரு பொருள் நடந்துகொள்வது சாத்தியமே. ஆனால் அது பெரிய கூற்று. பெரிய கூற்றுக்குப் பெரிய சான்று வேண்டும்.

மணிபால் ஆய்வுகள்: எலியில் கண்டது

இந்தத் துறையில் இந்தியாவின் பங்கு சிறியதல்ல. கர்நாடகத்தின் மணிபால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் பி. உமாதேவியும் அவர் குழுவினரும் 1990களில் அமுக்கராவை எடுத்துக்கொண்டு தொடர் ஆய்வுகள் செய்தார்கள். அமுக்கராவிலுள்ள வித்தாஃபெரின் ஏ என்ற சேர்மம், எலிகளுக்குப் பொருத்தி வளர்த்த கட்டிகளில் கதிரின் விளைவைக் கூட்டியது. கொடிவேலி வேரில் உள்ள பிளம்பாஜினையும் இதே நோக்கில் சோதித்தார்கள். அதே குழு துளசியிலிருந்து பிரித்த ஓரியன்டின், விசெனின் என்ற சேர்மங்களை ஆராய்ந்தபோது அவை எலிகளைக் கதிரிலிருந்து காத்தன. தாக்குவதையும் காப்பதையும் அந்த ஆய்வாளர்கள் தெளிவாகப் பிரித்தே எழுதினார்கள். நம் கட்டுரைகள்தான் இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டன.

இந்த ஆய்வுகள் நேர்மையானவை, பயனுள்ளவை. ஆனால் அவற்றிலிருந்து சமையலறைக்குத் தாவ முடியாது. முதலாவதாக, அங்கே சோதிக்கப்பட்டது பிரித்தெடுத்த சேர்மம். எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தப்பட்டது. நாம் உண்பது சூரணம். இரண்டாவதாக, நம் நாட்டு அமுக்கராவில் வித்தாஃபெரின் ஏ இலையில்தான் அதிகம், கிழங்கில் குறைவு. சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணம் கிழங்கால் ஆனது. உடலுக்கு வலிமை தருவதற்காகச் சொல்லப்பட்ட அந்தச் சூரணத்தைக் கதிருணர்வூட்டி என்று விளம்பரப்படுத்துவது சித்த மருத்துவத்துக்கும் நியாயமல்ல, அறிவியலுக்கும் நியாயமல்ல. மூன்றாவதாக, பிளம்பாஜின் நச்சுத்தன்மை கொண்டது. கொடிவேலி வேரைச் சுத்தி செய்யாமல் பயன்படுத்தக் கூடாது என்று நம் முன்னோரே எச்சரித்தார்கள். இந்தச் சேர்மங்களில் எதுவும் இன்றுவரை மருத்துவமனைகளின் வழக்கமான கதிர் சிகிச்சையில் இடம்பெறவில்லை.

மஞ்சள்: ஒரு கணக்கு

பட்டியலில் எப்போதும் முதலிடம் மஞ்சளுக்கு. அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின், ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கதிருக்கு எளிதில் சாகவைக்கிறது என்று பல கட்டுரைகள் வந்துள்ளன. மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

செல்களில் விளைவு தெரிய, பெரும்பாலான சோதனைகளில் 5 முதல் 50 மைக்ரோமோலார் வரை குர்குமின் பயன்படுத்துகிறார்கள். தைவானில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில் மனிதர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் எட்டிய உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். அப்படியானால் 8 கிராம் குர்குமினுக்கு வேண்டிய மஞ்சள் தூள் சுமார் 267 கிராம். தினமும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சளை உண்டாலும், தட்டில் வேலை செய்த அளவில் பாதிகூட இரத்தத்துக்கு வராது. குடலில் உறிஞ்சப்படுவது குறைவு. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

மிளகு சேர்த்தால் சரியாகிவிடும் என்பது அடுத்த பதில். அதற்கும் அடிப்படை உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது மனித இரத்தத்தில் குர்குமின் கிடைக்கும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. ஆனால் பைப்பரின் இதைச் செய்வது, மருந்துகளை மாற்றி வெளியேற்றும் நொதிகளைத் தடுத்துத்தான். அந்த நொதிகளில் ஒன்றே பல புற்றுநோய் மருந்துகளையும் உடலிலிருந்து அகற்றுகிறது. கதிர்வீச்சோடு மருந்தும் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர் குர்குமின்–பைப்பரின் மாத்திரையை உண்டால், மருந்தின் அளவு எதிர்பாராமல் உடலில் கூடலாம். குழம்பில் போடும் மஞ்சளையும் ரசத்தில் தட்டிப்போடும் மிளகையும் பற்றி இங்கே பேசவில்லை. செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றியே பேசுகிறேன்.

மனிதரிடம் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன? மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறும் பெண்களுக்குத் தோல் வெந்து சிவப்பதைக் குர்குமின் குறைக்குமா என்று அமெரிக்காவில் பார்த்தார்கள். இது காப்பு வகை. 2013இல் வெளியான சிறிய ஆய்வில் 30 பேர். நல்ல பலன் தெரிந்தது. அதே ஆய்வாளர்கள் பின்னர் 686 பேரிடம் செய்த பெரிய ஆய்வு 2018இல் வெளியானது. குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. இரண்டையும் வெளியிட்டது அவர்களின் நேர்மை. நம் பக்கத்துக் கட்டுரைகள் முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டிக்கொண்டே இருப்பது நேர்மையல்ல. உணர்வூட்டி என்ற வகையில், மலக்குடல் புற்றுநோயாளிகள் 22 பேரிடம் கதிர்வீச்சோடும் மருந்தோடும் குர்குமின் சேர்த்துப் பார்த்த சிறிய ஆய்விலும் கட்டி கரைவதில் கூடுதல் பலன் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குர்குமின் பற்றி ஏராளமாக எழுதிப் புகழ்பெற்ற ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளரின் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் படங்களில் கண்ட குறைபாடுகள் காரணமாக ஆய்விதழ்கள் திரும்பப் பெற்றன. அவற்றை ஆதாரமாகக் கொண்ட தமிழ்க் கட்டுரைகள் எதையும் யாரும் திரும்பப் பெறவில்லை.

நிரூபிக்கப்பட்ட ஒன்று: யூ மரமும் டாட்டா மருத்துவமனையும்

அப்படியானால் தாவரத்திலிருந்து உண்மையான கதிருணர்வூட்டி வரவே இல்லையா? வந்திருக்கிறது. அதை உறுதியாக நிரூபித்த ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. மூலிகைப் பட்டியல்களில் அது இடம்பெறாததுதான் வியப்பு.

1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைத் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே சேகரித்தார். அதிலிருந்து பாக்லிடாக்சலைப் பிரித்து அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டவர்கள் மன்சுக் வாணியும் மன்ரோ வாலும். அது எப்படி வேலை செய்கிறது என்று 1979இல் கண்டவர் சூசன் ஹார்விட்ஸ். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களை இது இறுகச் செய்துவிடுகிறது. செல் பாதியில் நின்றுபோகிறது. நின்றுபோகும் அந்தக் கட்டம்தான் கதிருக்கு மிக எளிதில் சாகும் கட்டம். பட்டையை உரித்தால் மரம் சாகும் என்பதால், பிரான்சில் பியர் போத்தியேவின் குழு ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து கிடைக்கும் சேர்மத்தை மாற்றியமைத்து டோசிடாக்சலை உருவாக்கியது. இலை மீண்டும் துளிர்க்கும்.

தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சோடு வழக்கமாகச் சேர்க்கும் மருந்து சிஸ்பிளாட்டின். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் காது கேட்பது குறைந்தவர்களுக்கும் அதைத் தர முடியாது. அத்தகைய 356 பேரை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சீட்டுக் குலுக்கல்போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும். மறு பிரிவுக்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 15 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் டோசிடாக்சல். முடிவு 2023இல் வெளியானது. இரண்டு ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்ற பிரிவில் 41.7 சதவீதம், டோசிடாக்சல் சேர்த்த பிரிவில் 50.8 சதவீதம். நோயின்றி இருந்தவர்கள் 30.3 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தனர்.

இதற்கு விலையும் உண்டு. கடுமையான வாய்ப்புண் 22.2 சதவீதத்திலிருந்து 49.7 சதவீதமாகக் கூடியது. விழுங்கும்போது கடும் வலி 33.5 சதவீதத்திலிருந்து 52.5 ஆனது. அதாவது உண்மையான கதிருணர்வூட்டி நல்ல திசுவையும் ஓரளவு சுட்டே தீர்ந்தது. நூறு பேரில் ஒன்பது பேரைக் கூடுதலாக இரண்டு ஆண்டு தாண்டவைக்க, இருபத்தேழு பேர் கூடுதலாகக் கடும் வாய்ப்புண்ணைத் தாங்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைத் திறந்து வைத்ததால்தான் மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடிகிறது. பக்கவிளைவே இல்லாமல் பலனைக் கூட்டும் என்று சொல்லும் பொடிக்கட்டுரையை இதன் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

யூ மரம் மூலிகைக் கடைக்கும் அயலானதல்ல. தாளிசபத்திரி என்ற பெயரில் வட இந்தியாவில் சில இடங்களில் இமயமலை யூ மரத்தின் இலை விற்கப்படுகிறது; வேறு இடங்களில் அதே பெயரில் முற்றிலும் வேறு மரங்களின் இலை. யூ இலை நேரடியாக உண்ணத்தக்கதல்ல. அதில் இதயத்தைப் பாதிக்கும் டாக்சின் என்ற நஞ்சு உண்டு. மரத்தில் மருந்து இருப்பதும் மரமே மருந்தாவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அளவு மாறினால் முடிவும் மாறும்

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. கேம்ப்டோதெசின் என்ற சேர்மத்தை 1966இல் சீன மரமொன்றிலிருந்து பிரித்தவர்களும் வால், வாணி குழுவினரே. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிப் பின்னர் பம்பாயில் சீபா ஆய்வு மையத்தை நடத்திய வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதனுடன் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா ஃபெட்டிடா என்ற சிறு மரத்திலும் அது இருப்பதை 1972இல் வெளியிட்டார். இன்று அம்மரத்தை நோதாபோடைட்டிஸ் என்கிறார்கள். இச்சேர்மத்தை மாற்றியமைத்துப் பிறந்த மருந்து இரினோடெக்கான். டி.என்.ஏ.வின் முறுக்கைத் தளர்த்தும் நொதியை இது முடக்குகிறது. கதிர் சேர்ந்தால் சேதம் கூடும்.

மலக்குடல் புற்றுநோயில் அறுவைக்கு முன் தரும் கதிர்வீச்சோடு இதைச் சேர்த்த சீன ஆய்வு 2020இல் வெளியானது. நோயாளியின் மரபணு வகையைப் பார்த்து அளவை நிர்ணயித்தார்கள். கட்டி முற்றிலும் மறைந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 30 ஆனார்கள். பிரிட்டனில் வேறு அளவில் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. ஒரே சேர்மம், ஒரே நோய். அளவும் தரும் முறையும் மாறியபோது முடிவும் மாறியது. மில்லிகிராம் கணக்கில் அளந்து தரும் மருந்துக்கே இந்த நிலை என்றால், 'காலை மாலை ஒரு தேக்கரண்டி' என்ற அளவுக்கு என்ன உறுதி?

நூறு ரூபாய் மாத்திரை

2024 பிப்ரவரியில் 'புற்றுநோய்க்கு 100 ரூபாய் மாத்திரை. டாட்டா மருத்துவமனை கண்டுபிடிப்பு' என்று செய்தி பரவியது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ராலையும் தாமிரத்தையும் சேர்த்த மாத்திரை அது. சிகிச்சையில் சாகும் புற்றுநோய்ச் செல்கள் உதிர்க்கும் குரோமாட்டின் துகள்கள் நல்ல செல்களுக்குள் புகுந்து கேடு செய்கின்றன. ரெஸ்வெராட்ராலும் தாமிரமும் சேர்ந்து உருவாக்கும் ஆக்சிஜன் தனி உறுப்புகள் அத்துகள்களை அழிக்கின்றன என்பது இந்திரனீல் மித்ரா குழுவின் கருத்து. கதிர்வீச்சின் பக்கவிளைவுகள் பாதியளவு குறையும், நோய் திரும்புவது 30 சதவீதம் குறையும் என்று செய்திகள் கூறின.

கருத்து புதுமையானது, ஆராயத் தக்கது. பெரும்பகுதிச் சான்று எலிகளிடமிருந்து வந்தது என்பதையும், நோய் திரும்புவதைத் தடுக்குமா என்று மனிதரிடம் அறியச் சுமார் ஐந்து ஆண்டாகும் என்பதையும் மருத்துவமனைத் தரப்பே சொன்னது. தலைப்பு எழுதியவர்கள் எலியை விட்டுவிட்டார்கள். அந்த வாரத்தில் செஞ்சி மருந்துக்கடை ஒன்றில் இருவர் அந்த மாத்திரையைக் கேட்டு நின்றதை நானே பார்த்தேன்.

படிப்பவர் கேட்க வேண்டியவை

மேலே கண்டவற்றிலிருந்து சில கேள்விகளைத் தொகுக்கலாம். தாவரமும் கதிர்வீச்சும் பற்றிய எந்தக் கட்டுரையைப் படித்தாலும் இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம்.

1. கூட்டுவதா, காப்பதா? கட்டுரை எதைச் சொல்கிறது? இரண்டையும் சொன்னால் இரண்டுக்கும் தனித்தனிச் சான்று உண்டா?

2. செடியா, சேர்மமா? ஆய்வு பிரித்தெடுத்த சேர்மத்தில் நடந்ததா, நாம் வாங்கும் பொடியிலா? எந்தப் பகுதி: இலையா, வேரா?

3. தட்டா, எலியா, மனிதரா? மனிதர் என்றால் எத்தனை பேர்? ஒப்பிட மறு பிரிவு இருந்ததா?

4. எவ்வளவு, எந்த வழியில்? அந்த அளவு வாய்வழி உண்டால் இரத்தத்தை எட்டுமா?

5. நல்ல திசுவுக்கு என்ன ஆயிற்று? பாதிப்பைக் கூறாத கட்டுரை பாதிக் கட்டுரையே.

6. எதிரான முடிவுகள் சொல்லப்பட்டனவா? சிறிய ஆய்வுக்குப் பின் பெரிய ஆய்வு வந்ததா?

நண்பர் கொடுத்த அந்த இரண்டு பக்கத்தை வாங்கி மறுபடி படித்தேன். முதல் கேள்வியிலேயே அது விழுந்தது. பலன் கூடும் என்பதற்கு ஒரு சேர்மத்தின் எலி ஆய்வும், பக்கவிளைவு குறையும் என்பதற்கு வேறொரு செடியின் எலி ஆய்வும் காட்டப்பட்டிருந்தன. பொடியில் இரண்டு செடியும் இருந்தன, அவ்வளவுதான் தொடர்பு. இரண்டையும் சேர்த்து யாரும் சோதிக்கவில்லை. ஐந்து நிமிடம் நிதானமாகப் படித்திருந்தால் பத்தாம் வகுப்பு மாணவனே கண்டுபிடித்திருப்பான். நாற்பது ஆண்டு 'ஆதாரத்தோடு எழுது' என்று பிள்ளைகளுக்குச் சொன்ன நான் கண்டுபிடிக்கவில்லை. ஆய்விதழ்களின் பெயர்களைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

முடிவாக

தாவரங்கள் கதிர்வீச்சு சிகிச்சைக்கு உதவியிருக்கின்றன. யூ மர இலையும், மலைக்காட்டு மரங்களும், இமயமலைச் செடியும் தந்த மூலக்கூறுகள் இன்று மருத்துவமனைகளில் உயிர் காக்கின்றன. ஆனால் அவை அங்கே வந்து சேர்ந்தது பிரித்து, அளந்து, மாற்றியமைத்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் ஒப்புதலோடு சோதித்து, பாதிப்பையும் கணக்கில் எழுதிய பிறகே. அமுக்கராவும் கொடிவேலியும் ஒருநாள் அந்த வரிசையில் சேரலாம். மணிபாலில் தொடங்கிய வேலையை இன்னொரு தலைமுறை முடிக்க வேண்டும். இதைப் படிக்கும் மாணவர்களில் சிலர் அந்த வேலைக்குப் போனால் மகிழ்ச்சி.

அதுவரை சிகிச்சையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் செய்ய வேண்டியது இரண்டுதான். ஒருநாள்கூடத் தவறாமல் சிகிச்சைக்குப் போவது. உண்ணும் பொடி, கஷாயம், மாத்திரை எதுவானாலும் பொட்டலத்தோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுவது. என் நண்பர் ஐந்தாவது வாரத்தில் அதைச் செய்தார். மருத்துவர் திட்டவில்லை. பொட்டலத்தை வாங்கிப் படித்துவிட்டு, சிகிச்சை முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னார். விடுபட்ட நாட்களை ஈடுகட்ட சிகிச்சை அட்டவணையையும் மாற்றி எழுதினார். முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னாராம்.